மூங்கில் சாரனும் ஒரு மூக்கின் சாட்சியமும்

காத்தான்குடி ஹலீமுக்கு இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று பிரதான வீதியில் இருந்த துணிக்கடை. மற்றது முகத்தின் நடுவில் இருந்த மூக்கு. மழை பெய்தால் கடையின் கூரை ஒழுகும். அதற்கு வாளி வைத்துச் சமாளிக்கலாம். மூக்கு ஒழுகினால் அன்றைக்குக் கடை பூட்டு.

துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவி எடுப்பான். நெருப்புக்குச்சியைக் கிழித்து இழையின் நுனியில் பிடிப்பான். புகையை இழுத்து மணந்து, கண்ணை மூடி, சாம்பலை விரலில் கசக்கிப் பார்ப்பான். தாள் எரிகிற மணமும் பூப்போன்ற சாம்பலும் என்றால் பருத்தி. மயிர் கருகுகிற மணம் என்றால் பட்டு. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகத் திரண்டால் பொலியெஸ்டர். பிளாஸ்டிக் போத்தலுக்கு உடன்பிறந்த தம்பி. மட்டக்களப்பிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் கல்யாணச் சாரியைப் பையில் சுற்றிக்கொண்டு வந்து, "காக்கா, இத ஒருக்கா மணந்து பாருங்க" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. வாங்கியது வேறு கடையில். தேத்தண்ணி குடிப்பது ஹலீமின் கடையில்.

அதற்காக அவனை அரிச்சந்திரனின் மச்சான் என்று நினைத்துவிட வேண்டாம். சாயம் போகாது என்பான், போகும். சுருங்காது என்பான், சுருங்கி உடுத்தவரின் முழங்காலை ஊருக்குக் காட்டும். "உங்களுக்கெண்டே நெய்த நிறம்" என்று ஒரே நாளில் ஆறு பேருக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் நெருப்புக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டால் பொய் வராது. அது ஒழுக்கமல்ல. வேறு திறமை எதுவும் இல்லாத மனிதனுக்கு, இருக்கிற ஒன்றையாவது கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற பயம்.

அந்த மூக்கு அவனுக்குத் தேடித்தந்த முதல் புகழ், அவனுடைய கல்யாணத்தன்று வந்தது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆகவே மாமியாரைப் பகைத்தால் தலைக்கு மேலே இருக்கிற கூரையையே பகைத்ததாகும். இது தெரிந்த மாப்பிள்ளைமார் முதல் ஒரு வருடம் வாயைச் சாப்பிட மட்டும் திறப்பார்கள். மாமியாரின் பெயர் சித்தி நபீஸா; 'சித்தி' உறவுமுறையல்ல, பெயரின் பாதி. கல்யாணத்தன்று அவர் சபை நடுவில், மருமகனின் தோளில் ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தினார். வாடாமல்லி நிறம், தங்கக் கரை. ஊர் ஊராய்த் துணி விற்கிற ஒருவனிடம் பனாரஸ் பட்டு என்று நம்பி வாங்கி, ஒரு வருடம் பூச்சி அரிக்காமல் பாதுகாத்து வைத்திருந்த சால்வை. பெண்கள் "பட்டெண்டா இது பட்டு!" என்றார்கள். ஹலீமின் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த சிநேகிதனிடம் நெருப்புப்பெட்டியை வாங்கினான். இழையை உருவினான். கொளுத்தினான்.

"பொலியெஸ்டர்" என்றான்.

வஞ்சகம் இல்லை. காய்ச்சலைப் பார்த்து டொக்டர் "டெங்கு" என்று சொல்வதுபோலச் சொன்னான். ஆனால் டெங்கு என்று கேட்ட வீடு எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது சபை.

சித்தி நபீஸா அதற்குப் பிறகு பதினொரு வருடம் அவனோடு பேசவில்லை. ஒரே வீடு, சமைக்க ஒரே குசினி, குடிக்க ஒரே கிணறு. பேசவேண்டியதையெல்லாம் வீட்டுப் பூனையிடம் சொல்வார். "பூன, சோறு ஆறுதெண்டு மருமகனிட்டச் சொல்லு." "பூன, கிணத்துக் கப்பி கத்துது, காதுள்ள ஆம்புள ஆரும் இரிக்காங்களா எண்டு கேளு." பூனை எதையும் சொல்லாது. ஹலீம் எல்லாவற்றையும் செய்வான். அந்தக் காலத்தில் மூன்று பூனைகள் மாறின. மாமி மாறவில்லை.

பன்னிரண்டாம் வருடம், தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய சாரியோடு மாமி அவன் முன்னால் வந்து நின்றார். "மருமகன், இத மணந்து பாருங்க. ஊரு பொய் சொல்லும். உங்கட மூக்குச் சொல்லா. அத நான் அனுபவிச்சவள்" என்றார். ஹலீம் இழையைக் கொளுத்தினான். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொன்னான்.

அந்தச் சால்வை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, தையல் மெசினைப் போர்த்திக்கொண்டு. இருபத்தாறு வருடத்தில் நிறம் ஒரு சொட்டுக்கூட மங்கவில்லை.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து ஜெயரூபன் வந்தான். 'பசுந்தளிர்' என்ற கொம்பனியின் விற்பனை அதிகாரி. முப்பது வயதிருக்கும். நல்ல பிள்ளை, முகத்தில் கள்ளம் இல்லை. தான் விற்பது எல்லாவற்றையும் முதலில் தானே நம்பிவிடுகிற ஆள். அந்த மாதிரி ஆட்கள்தான் ஆபத்து.

"அங்கிள், இது மூங்கில் சாரன். பூமிக்கு நண்பன். பூச்சிமருந்து இல்ல, பெரிசாத் தண்ணி தேவையில்ல, வெட்டினா மூங்கில் தானா வளரும். இத உடுத்தா நீங்க ஒரு காட்டையே காப்பாத்துறீங்க."

பூமியின் நண்பன் ஒவ்வொருவனும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் வந்திருந்தான். பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு பெரிய பொலித்தீன் உறையில். இடுப்பில் கட்டுகிற அந்தச் சாரன் ஒவ்வொன்றிலும் நைலோன் நூலில் தொங்கிய அட்டையில், தங்க எழுத்தில், 'பூமித்தாயின் புன்னகை' என்று அச்சடித்திருந்தது. அதற்கும் ஒரு பிளாஸ்டிக் பூச்சு, புன்னகை நனையாமல் இருக்க.

ஹலீம் இழையை உருவிக் கொளுத்தினான். தாள் எரிகிற மணம். பூப்போன்ற சாம்பல்.

"மரத்தில இருந்து வந்த சாமான்தான்" என்றான்.

ஜெயரூபன் கதிரையிலிருந்து எழும்பியே விட்டான். "அங்கிள்! இது, இதுதான் எங்களுக்கு வேணும்!"

ஒரு மாதத்துக்குள் ஹலீமின் கடை முகப்பில் பலகை ஏறியது: 'பசுந்தளிர் – மூக்கு உத்தரவாதம்'. ஹலீமின் மூக்கைப் பக்கவாட்டில் வரைந்து, நுனியில் ஓர் இலை முளைத்திருப்பதாகக் காட்டியிருந்தார்கள். மனைவி ஸுஹைனா அதைப் பார்த்துவிட்டு, "மூக்குச் சளிக்கு வேப்பிலை வச்ச மாதிரி இரிக்கி" என்றாள். ஹலீமுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனின் ஏதாவது ஓர் உறுப்புக்குப் பெயர் கிடைப்பது சும்மாவா?

நாவற்குடாப் பக்கத்து வாவியில் மீன்பிடிக்கிற அழகரத்தினம் வந்து இரண்டு சாரன் எடுத்தார். இருபது வருடப் பழக்கம்.

"காக்கா, இது வாவித் தண்ணிக்குக் கூடாதில்லையா? வலய இழுத்தா மூணில ஒரு பங்கு பொலித்தீன்தான் வருது. மீனுக்குப் பதிலா அதக் கறி வைக்கச் சொல்றா மனிசி."

"ஒரு கேடும் இல்ல அண்ணன். என்ட மூக்கு சாட்சி."

"நீங்க சொன்னாச் சரி" என்று அழகரத்தினம் அந்த இடத்திலேயே பொலித்தீன் உறையைக் கிழித்தார். உறை காற்றில் பறந்து, ரோட்டைக் கடந்து, வாவிக்கரைப் பக்கமாகப் போய்விட்டது.

பிறகு ஜெயரூபன் பெரிய செய்தியோடு ஃபோன் எடுத்தான். வாவியில் தோணியில் வைத்து ஃபேஸ்புக் நேரலை. ஹலீம் இழையைக் கொளுத்தி மணந்து ஒரேயொரு வசனம் சொல்லவேண்டும்: 'தண்ணிக்கும் மண்ணுக்கும் மனிசனுக்கும் ஒரு தீங்கும் செய்யாத துணி, என்ட மூக்கு சாட்சி.' அது சரியாகப் போனால் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் ஏஜென்சி ஹலீமுக்கு. திருகோணமலையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அந்த மூக்குத்தான் தொங்கும்.

நேரலைக்கு இரண்டு நாள் முன்னால் தனுஷா டீச்சர் கடைக்கு வந்தாள். மட்டக்களப்பில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். ஜன்னல் சீலைக்குத் துணி பார்க்க வந்தவள், பலகையிலிருந்த மூக்கை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள்.

"காக்கா, இந்த மூங்கில் எப்பிடித் துணியாகுது எண்டு கேட்டீங்களா?"

"அதென்ன டீச்சர், நார உரிச்சு நூத்து..."

"அப்பிடிச் செய்தா அது சாக்கு மாதிரிச் சொரசொரப்பா வரும். இது வழுவழுப்பா இரிக்கே. மூங்கிலக் கூழாக்கி, காரத்தில ஊற வச்சு, காபன் டைசல்பைட்டு எண்டு ஒரு நச்சுச் சாமான் சேத்துக் கரைச்சு, மறுகா அமிலத் தொட்டிக்குள்ள ஊசிக்கண்ணால பீச்சி நூலாக்கிறது. அந்தச் சாமான வருசக்கணக்காச் சுவாசிச்சா வேல செய்ற ஆக்கள்ர நரம்பு கெடும். கழிவ ஒழுங்காப் பாக்காட்டி ஆறும் கெடும்."

ஹலீம் சிரிக்கப் பார்த்தான். "நான் மணந்து பாத்தன் டீச்சர். தாள் மணம்."

"தாளும் மரக்கூழ்தானே. எரிச்சா அந்த மணம்தான் வரும். உங்கட மூக்கு பொய் சொல்லல்ல."

"அந்த நச்சுச் சாமானுக்கு மணம் இல்லையா?"

"இரிக்கி. கறிக்கு வெட்டுற கோவா இலை அழுகின மாதிரி எண்டு சொல்லுவாங்க."

"சாரன்ல கோவா மணமே இல்லையே!"

"கழுவித்தானே காக்கா அனுப்புறாங்க. கழுவின தண்ணி எங்க போச்சு எண்டு சாரன் சொல்லுமா?"

ஹலீம் கதிரையில் உட்கார்ந்தான். இத்தனை காலமும் துணி எதனால் ஆனது என்று மட்டுமே அவன் மூக்கு கேட்டிருந்தது. எப்படி ஆனது என்று கேட்டதேயில்லை. கேட்காத கேள்விக்கும் சேர்த்துத்தான் அவன் பலகை மாட்டியிருந்தான்.

"அப்ப பருத்திதான் சுத்தமா டீச்சர்?"

"அதுவும் கேக்க வேண்டியதுதான். எவ்வளவு தண்ணி குடிச்சுது, எவ்வளவு மருந்தடிச்சாங்க எண்டு. மூங்கிலுக்கும் நல்ல ஃபெக்டரி இல்லாமலில்ல. போட்ட சாமானத் திருப்பி எடுத்துப் பாவிக்கிறவங்க இரிக்காங்க. உங்கட கொம்பனிட்டக் கேட்டுப் பாருங்க." பிறகு ஜன்னல் சீலைக்கு எதுவும் எடுக்காமலே போனாள். பழைய சீலை இன்னும் கிழியவில்லை என்று வாசலில்தான் ஞாபகம் வந்ததாம். வியாபாரத்துக்கு இப்படியொரு கேடு மூங்கிலாலும் வராது.

ஹலீம் ஃபோன் எடுத்தான்.

"தம்பி, இந்த மூங்கில எந்த ஊர் ஃபெக்டரில கரைக்கிறாங்க? கழிவுத் தண்ணிய என்ன செய்றாங்க?"

"கரைக்கிறதா அங்கிள்? அது... சர்வதேசத் தரம் அங்கிள்."

"அந்தத் தரம் எந்த ஊர்ல இரிக்கி?"

கொஞ்ச நேரம் கழித்து ஜெயரூபனே திரும்ப எடுத்தான். குரல் இறங்கியிருந்தது. "மேலிடத்தில கேட்டன் அங்கிள். அந்த விவரம் தங்களுக்கும் வரல்லையாம். ஆனா அட்டை எல்லாம் அச்சடிச்சு முடிஞ்சுதாம்."

அட்டை அச்சடித்து முடிந்த பிறகு உண்மை வந்து என்ன செய்ய?

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து ஸுஹைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், சாரனை மடிப்பதுபோல விஷயத்தையும் மடித்து வைத்தான். "என்ன செய்யலாம்? நான் மணந்தது உண்மை. மரத்தில இருந்து வந்தது உண்மை. மிச்சத்தக் கொம்பனி சொல்லச் சொல்லுது, நான் சொல்றன். அரைவாசி உண்மைதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

தையல் மெசினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்த மாமி, தூங்கவில்லை. காலடியில் கிடந்த பூனையைப் பார்த்தார்.

"பூன" என்றார்.

ஹலீம் திரும்பிப் பார்த்தான். பதினைந்து வருடமாக அந்த வீட்டில் பூனைக்கு அந்த வேலை இருக்கவில்லை.

"பூன, மருமகனிட்ட ஒண்டு கேளு. இப்ப அரைவாசி உண்மை சொல்ல ஏலுமெண்டா, அண்டைக்கி என்ட சால்வைக்கும் அரைவாசி சொல்லியிரிக்கலாமே? 'நல்ல நிறம் மாமி' எண்டு அரைவாசி. அதுவும் உண்மைதானே? அந்த மூக்குக்குப் பொய்யே வராது எண்டுதானே நான் மனசாறினன்."

பூனை வாலை ஆட்டியது. ஸுஹைனா கணவனின் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

மாமி தட்டுத்தடுமாறி எழுந்தார். தையல் மெசினிலிருந்து வாடாமல்லிச் சால்வையை உருவி, தூசு தட்டி, பூனைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பூன, நாளண்டைக்கி மருமகன் இதப் போட்டுக்கிட்டுப் போகட்டும். பொய் சொல்றதெண்டா பொய்ச் சால்வையப் போட்டுக்கிட்டுச் சொல்லட்டும்."

நேரலை நாள் வந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. அழகரத்தினத்தின் தோணியில் முன்னால் ஹலீம், நடுவில் ஃபோனைக் கம்பில் பூட்டிப் பிடித்துக்கொண்டு ஜெயரூபன், பின்னால் தோணி தள்ளுகிற தாங்குகோலோடு அழகரத்தினம். தோணியைக் கொஞ்சம் அழகுபடுத்த வேண்டுமென்று ஜெயரூபன் இரு பக்கமும் பிளாஸ்டிக் இலைமாலை கட்டியிருந்தான். ஹலீம் மூங்கில் சாரன் உடுத்து, தோளில் அந்தச் சால்வையைப் போட்டிருந்தான்.

"சால்வை கலக்குது அங்கிள்!" என்றான் ஜெயரூபன். "வசனம் ஞாபகம்தானே? நேரலை, திருப்பி எடுக்க ஏலாது. கொழும்பில எங்கட பெரியாக்களும் பாத்துக்கொண்டு இரிக்காங்க."

"எங்கட பெரியாளும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கா" என்றான் ஹலீம்.

முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதற்கு அழகரத்தினம் தொப்பியைக் கழற்றி மறைப்பாகப் பிடித்தார். இழை எரிந்தது. ஹலீம் கண்ணை மூடி மணந்தான், சாம்பலைக் கசக்கினான். ஜெயரூபன் வாயசைத்து வசனத்தை எடுத்துக்கொடுத்தான்: தண்ணிக்கும்... மண்ணுக்கும்...

ஹலீம் கண்ணைத் திறந்தான்.

"இது மரத்தில இருந்து வந்தது. அது உண்மை. என்ட மூக்கு சாட்சி" என்றான். ஜெயரூபனின் முகம் மலர்ந்தது. "ஆனா மரத்தில இருந்து என்ட இடுப்புக்கு வந்து சேருற வழியில என்ன நடந்தது எண்டு என்ட மூக்குக்குத் தெரியா. எந்த நச்சில கரைச்சாங்க, எந்த ஆத்தில ஊத்தினாங்க, ஆருட நரம்பு கெட்டுது, தெரியா. கொம்பனிட்டக் கேட்டன். கொம்பனிக்கும் தெரியாதாம். இது தெரியாம நான் கடையில பலகை மாட்டினன். அழகரத்தினம் அண்ணனுக்கு ரெண்டு சாரன் வித்தன். பிழை என்ட பிழை. தெரியாத ஒண்ட நல்லதெண்டு சொன்னா, அது நான் சாயத்துக்குச் சொல்ற பொய்ய விடப் பெரிய பொய்."

"அப்ப சாயம் போகாது எண்டதும் பொய்யா காக்கா?" என்றார் பின்னாலிருந்து அழகரத்தினம். "உங்கட கடைச் சேட்டோட சேத்துத் துவைச்சு மனிசிர வெள்ளச் சாரியெல்லாம் நீலம்!"

"அதப் பிறகு பேசுவம் அண்ணன்."

ஃபோனில் கருத்துகள் மழையாய்க் கொட்டின. பாவம், அவன் என்ன செய்வான்? தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பதுபோல, பேச்சை மாற்றக் கிடைத்ததைப் பிடித்தான்.

"அது... அங்கிள், எல்லாரும் உங்கட சால்வையப் பத்தித்தான் கேக்கிறாங்க! இருபத்தாறு வருசம் பழசு எண்டு ஸுஹைனா எண்டு ஒராள் எழுதியிரிக்கா. பாக்க நேத்து வாங்கின மாதிரி இரிக்கி. என்ன துணி அங்கிள்?"

ஹலீம் சால்வையைப் பார்த்தான். ஓரத்தில், தங்கக் கரைக்குப் பக்கத்தில், இழை உருவிய இடம் ஒரு கோடாகத் தெரிந்தது. பிறகு ஃபோனின் சின்னக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தான். அதற்குப் பின்னால், ஸுஹைனாவின் தோளில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற ஒருவரை அவனுக்குத் தெரியும்.

"பட்டு" என்றான். "அசல் பனாரஸ் பட்டு. என்ட மாமி கல்யாணத்தண்டு தந்தது."

அழகரத்தினத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப அதில ஒரு நூல எரிச்சுக் காட்டுங்க காக்கா! உலகம் பாக்கட்டும்!"

"ஓம் அங்கிள், எரியுங்க, எரியுங்க!" என்றான் ஜெயரூபன். அவனுக்கு உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஹலீம் மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தான். உலகத்துக்கு ஒருமுறை காட்டினான். தோணியின் ஓரமாகக் குனிந்து, அதை வாவித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நன்றாக ஊறும்வரை பிடித்திருந்து, வெளியே எடுத்தான். தண்ணீர் சொட்டியது.

"நனைஞ்சி போச்சு" என்றான்.

ஏஜென்சி போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. பலகையை ஹலீம் தானே ஏணி வைத்துக் கழற்றினான். மிஞ்சிய சாரன்களுக்கு மேலே, அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதி ஒட்டினான்: 'மூங்கிலில் இருந்து வந்தது. எப்படி வந்தது என்று தெரியாது. உள்ளது கிழியும்வரை புதியது வேண்டாம்.' கடைசி வரியைத் துணிக்கடைக்காரன் எழுதியதைப் பார்க்கவே இரண்டு நாள் கூட்டம் வந்தது. வந்தவர்கள் எதுவும் வாங்கவில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு நனைந்த நெருப்புப்பெட்டியோடு ஹலீம் வீட்டுக்கு வந்தபோது, மாமி தையல் மெசினுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவன் சால்வையைக் கழற்றி மடித்தான். மெசினில் போர்த்தப் போனவனின் கையிலிருந்து அதை அவர் வாங்கிக்கொண்டார். மடியில் வைத்து, இழை உருவிய கோட்டை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு அலுமாரியைத் திறந்து, தன்னுடைய நல்ல சாரிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார்.

"மூக்குக்கு ஒண்டும் ஆகல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல மாமி" என்றான் ஹலீம். "பொய் சொன்னது வாய்."

பூனை தலையை நிமிர்த்திப் பார்த்தது, தனக்கு ஏதும் வேலை உண்டா என்று.

"மருமகன்" என்றார் சித்தி நபீஸா, "சோறு ஆறுது."